வேல்ஸின் தொழில் மரபைக் காண எங்கிருந்து தொடங்கலாம்?

கேள்வி

கோடையில் ஒரு வாரம் வேல்ஸில் தங்கவிருக்கிறோம். கோட்டைகளைப் பற்றி எல்லாப் பயண நூல்களிலும் படித்தாயிற்று. நிலக்கரியும் இரும்பும் செம்பும், கூரை வேயும் பலகைக்கல்லான சிலேட்டும் வளர்த்தெடுத்த ஊர்களைத்தான் பார்க்க விரும்புகிறேன். வெறும் இடிபாடுகளாக நில்லாமல், அத்தொழிலை அறிந்தவர்களின் வாயால் கேட்கக்கூடிய இடங்கள் எவை? செலவழிக்கும் பணம் உள்ளூர்த் தொழில்களுக்கே போய்ச் சேர வேண்டும் என்பதும் எங்கள் விருப்பம்.

மறுமொழி 1

தயங்காமல் தென் வேல்ஸிலுள்ள பிளைனாவனில் தொடங்குங்கள். அந்த ஊரும் சுற்றுப்புறமும் 2000ஆம் ஆண்டில் உலகப் பாரம்பரியக் களமாக அறிவிக்கப்பட்டன. 1980இல் மூடப்பட்ட பிக் பிட் நிலக்கரிச் சுரங்கம், மூன்றே ஆண்டுகளில் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. தலைக்கவசமும் விளக்கும் அணிந்து, கூண்டில் ஏறி 90 மீட்டர் ஆழம் இறங்க வேண்டும். மீத்தேன் தீப்பற்றும் அபாயம் இருப்பதால், மின்கலத்தில் இயங்கும் கைக்கடிகாரத்தையும் கைப்பேசியையும் மேலேயே ஒப்படைத்துவிட வேண்டும். அருகிலேயே 1789இல் தொடங்கப்பட்ட இரும்பாலை இருக்கிறது. பாஸ்பரஸ் கலந்த தாதுவிலிருந்து நல்ல எஃகு எடுக்க முடியாமல் ஐரோப்பா திணறிக்கொண்டிருந்த காலத்தில், நீதிமன்ற எழுத்தராக இருந்த சிட்னி கில்கிறிஸ்ட் தாமஸும், வேதியியலாளரான அவருடைய உறவினர் பெர்சி கில்கிறிஸ்டும் 1870களின் இறுதியில் இவ்வூரில்தான் சோதனைகளை நடத்தி அதற்குத் தீர்வு கண்டார்கள். உலையின் உட்சுவரைக் காரத்தன்மையுள்ள பொருளால் பூசினால் பாஸ்பரஸ் கசடோடு பிரிந்துவிடும் என்பதே அவர்கள் நிறுவியது. அந்தக் கசடும் வீணாகவில்லை, வயலுக்கு உரமாயிற்று.

மறுமொழி 2

மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் கண்டுபிடிப்புகளை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினால் பாதிக் கதைதான் கிடைக்கும். 1804 பிப்ரவரி 21 அன்று பொறியாளர் ரிச்சர்ட் டிரெவிதிக்கின் நீராவி இயந்திரம் மெர்தர் டிட்வில் ஊரின் பெனிடேரன் இரும்பாலையிலிருந்து தண்டவாளத்தில் பத்து டன் இரும்பையும் எழுபது பேரையும் இழுத்துச் சென்றது பெருஞ்சாதனைதான். அந்த இரும்பை உருக்கியவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டாமா? கார்டிஃபை அடுத்த செயின்ட் ஃபேகன்ஸ் திறந்தவெளி அருங்காட்சியகத்தில், மெர்தரிலிருந்து பெயர்த்தெடுத்துவந்த ஆறு தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கின்றன. முதல் வீடு 1805இல் இருந்தபடியும், கடைசி வீடு 1985இல் இருந்தபடியும் அமைக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு வாசலாக நுழைந்து வெளியே வரும்போது அடுப்பும் கட்டிலும் தோட்டமும் தலைமுறைக்குத் தலைமுறை மாறிக்கொண்டே வரும். வேல்ஸில் எனக்கு மிகப் பிடித்த இடம் இதுவே.

மறுமொழி 3

வடக்கை விட்டுவிடாதீர்கள். அங்கே சிலேட்டு நிலப்பரப்பு 2021இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. 1836இல் திறக்கப்பட்ட ஃபெஸ்டினியோக் குறும்பாதை ரயிலில் போர்த்மாடோக் துறைமுகத்திலிருந்து மலைக்கு ஏறிச் செல்லலாம். நீராவி வருவதற்கு முன், சிலேட்டு ஏற்றிய வண்டிகள் சரிவில் தம் எடையாலேயே இறங்கிவரும். காலி வண்டிகளை மேலே இழுத்துச் செல்ல வேண்டிய குதிரைகளும் அதே தொடரில் தனிப்பெட்டியில் நின்றபடி வரும். லான்பெரிஸ் சிலேட்டு அருங்காட்சியகம் புதுப்பிப்புப் பணிக்காக 2024 இறுதியில் மூடப்பட்டது. திறந்துவிட்டார்களா என்று பார்த்துவிட்டுப் புறப்படுங்கள்.

மறுமொழி 4

உள்ளூர்த் தொழில்களைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பெம்புரோக்‌ஷயரிலுள்ள மெலின் டிரெக்வின்ட் கம்பளி ஆலையில் தறிகள் ஓடுவதைப் பார்க்கலாம். இரண்டு அடுக்குத் துணி ஒன்றாகப் பின்னப்படுவதால், போர்வையைத் திருப்பிப் போட்டால் அதே கோலம் நிறம் மாறித் தெரியும். 2022இல் இந்த ஆலை ஊழியர்களின் உடைமையாகிவிட்டது. நீங்கள் விரும்பியபடியே பணம் நெய்பவர்களிடம் சேரும். சுவான்சியில், ஒருகாலத்தில் உலகச் செம்பு வணிகத்தின் மையமாக இருந்த ஹாஃபோட்–மோர்ஃபா ஆலை வளாகத்தில், பெண்டெரின் விஸ்கி வடிப்பாலை 2023 முதல் நடந்துவருகிறது. ஒரு வாரத்தில் இரு பக்கமும் பார்ப்பதென்றால் தெற்கிற்கு நான்கு நாள் ஒதுக்குங்கள். மலைச்சாலையில் வடக்கே செல்லப் பல மணி நேரம் பிடிக்கும்.