கன்றுக்கு வந்த படை என்ற தோல் நோய் என் கைக்கும் வந்தது. உங்கள் கொட்டிலில் எப்படி?

மட்டக்குளிக்காரன்:

என்னிடம் ஏழு உருப்படி. நான்கு கறவை, மூன்று கன்று. களனி ஆற்றுப் பக்கம், வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டில். கொழும்பு 15இல் மாடா என்று கேட்பவர்கள் விடிய ஐந்தரைக்கு வந்து பாருங்கள், போத்தலோடு ஆட்கள் நிற்பார்கள்.

தைப்பொங்கலுக்கு முந்திய வாரம் கடைசிக் கன்றின் கண்ணைச் சுற்றி மயிர் உதிர்ந்து, ரூபாய்க் குற்றி அளவில் சாம்பல் நிறப் பொருக்கு. 2020இல் வடக்கில் மாடுகளுக்குத் தோல் கழலை நோய் வந்த கதை தெரியும் என்பதால் நெஞ்சு பதறியது. ஆனால் இதற்குக் காய்ச்சல் இல்லை, தோலுக்கு அடியில் கட்டி இல்லை, தீனியும் குறையவில்லை. சரி, சும்மா சொறி என்று விட்டுவிட்டேன்.

அடுத்துச் செய்ததுதான் மடத்தனம். பட்டிப்பொங்கலுக்கு ஏழையும் ஒரே தும்புப் பிரஷால் தேய்த்துக் குளிப்பாட்டினேன். அந்தக் கன்றில்தான் தொடங்கினேன், சின்னது, முதலில் முடித்துவிடலாம் என்று. மூன்று வாரத்தில் மற்ற இரண்டு கன்றுக்கும் முகத்திலும் காதிலும் வட்டம், ஒரு தலையீற்றுப் பசுவுக்குக் கழுத்தில். மற்ற மூன்று கிழட்டுப் பசுக்களுக்கு மட்டும் ஒன்றுமே இல்லை.

அப்புறம் என் முறை. முழங்கைக்குக் கீழே சிவப்பாக ஒரு வட்டம், இராத்திரி முழுக்க அரிப்பு, கடி. ஒரு பாமசியில் கேட்டதும் ஒரு கிறீம் தந்தார்கள். இரண்டு நாளில் கடி நின்றது. பத்து நாளில் வட்டம் உள்ளங்கை அளவுக்குப் பெருத்துவிட்டது. தோல் டொக்டர் கையைப் பார்த்த உடனே கேட்ட முதல் கேள்வி, "வீட்டில் மாடு இருக்கா?" கிறீமில் ஸ்டீரொயிட் இருந்ததாம். அது கடியை அடக்கும், பங்கசைக் கொழுக்க வைக்கும். நிறுத்திவிட்டு, பங்கசுக்கான குளிசையும் பூச்சும் எழுதித் தந்தார்.

மாடுகளுக்கு மிருக வைத்தியர் சொன்னபடி கையுறை போட்டு, இளஞ்சூட்டுச் சவர்க்காரத் தண்ணீரில் பொருக்கை ஊறவைத்து மெதுவாக எடுத்தேன். பொருக்கைக் கீழே விழ விடாமல் கடதாசியில் சேர்த்து எரித்தேன். பிறகு பொவிடோன் அயடீன் என்ற கிருமிகொல்லி பூசினேன், வட்டத்தின் ஓரத்துக்கு வெளியேயும் ஒரு விரல் அகலம் சேர்த்து. ஓரத்தில்தான் நோய் உயிரோடு இருக்குமாம், நடுப்பகுதி முடிந்த கதை. கண் பக்கம் அயடீன் வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொன்னார்.

இப்போது எல்லாவற்றுக்கும் மயிர் முளைக்கிறது. ஆனால் ஒரு கன்றுக்குப் புதிதாக வாலடியில் வந்திருக்கிறது. ஏன் என்று புரியவில்லை.

ஹெந்தளைப் பால்வீடு:

அண்ணா, உங்கள் கதையைப் படித்து எங்கள் அப்பாவின் ஞாபகம் வந்தது. அவருடைய மருந்து கராஜிலிருந்து வரும் கறுத்த எஞ்சின் ஒயில். கன்று அதை நக்கும், தோல் வெந்து கிடக்கும், அப்பா இன்னும் கொஞ்சம் பூசுவார். மூன்று மாதத்தில் படை போனது. "பார்த்தியா?" என்றார். மறுபக்கம் கட்டியிருந்த நாம்பன் கன்றுக்கு யாரும் ஒன்றும் பூசவில்லை, அதுவும் அதே வாரம் சுகமானது. இதை அப்பாவிடம் சொல்லித்தான் பாருங்களேன்.

அம்மா சீமை அகத்தி இலையை அரைத்துப் போடுவார். சிங்களப் பக்கத்து வீட்டு ஆன்ட்டி எத்தோர என்று சொல்வதும் அதே இலைதான். அதனால் தீங்கு வந்ததாக நான் பார்க்கவில்லை. ஒயில் மட்டும் தயவுசெய்து வேண்டாம்.

வெள்ளவத்தை, இப்போது பேராதனை:

மிருக வைத்தியம் படிக்கிறேன், இன்னும் டொக்டர் ஆகவில்லை, அந்த அளவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். ஹெந்தளை அக்கா சொன்னதில்தான் முழு விஷயமும் இருக்கிறது. மாடுகளில் இது பெரும்பாலும் ட்ரைக்கோபைட்டன் வெருகோசம் என்ற பங்கசு. அநேகமாக இரண்டு, மூன்று மாதத்தில் தானாக ஆறிவிடும். அதனால் கடைசியாகப் பூசியது எதுவோ அதற்குப் பெயர் போய்விடுகிறது. பூசுவது வீண் என்று சொல்லவில்லை. பூசினால் பங்கசின் வித்துகள் உதிர்வது குறையும், மற்றதுக்கும் ஆட்களுக்கும் தொற்றுவது குறையும்.

அண்ணாவின் கிழட்டுப் பசுக்கள் சிறு வயதில் இதை ஒருமுறை கண்டிருக்கலாம். வந்து ஆறிய மாட்டுக்கு எதிர்ப்பு நெடுநாள் நிற்கும். கன்றுகளுக்கு அது இல்லை. தொற்றி ஒன்று முதல் நான்கு வாரம் கழித்துத்தான் வட்டம் தெரியும், பிரஷுக்கும் உங்கள் மூன்று வாரத்துக்கும் கணக்கு சரியாக வருகிறது.

வாலடிக்கு எங்கே உரசுகிறது என்று பாருங்கள். பொருக்கிலுள்ள வித்துகள் காய்ந்த கொட்டிலில் ஆண்டுக்கணக்கில் சாகாமல் கிடக்கும். மரத்தூண், கயிறு, தொட்டி விளிம்பு எல்லாம் சந்தேகத்துக்குரியவை. முதலில் சாணமும் அழுக்கும் போகச் சுரண்டிக் கழுவ வேண்டும். பிறகு கடையில் விற்கும் குளோரீன் திரவம் ஒரு பங்குக்குத் தண்ணீர் ஒன்பது பங்கு கலந்து, பத்து நிமிடமாவது ஈரமாக நிற்க விட வேண்டும். அழுக்கின் மேல் ஊற்றினால் குளோரீன் அழுக்கோடு மல்லுக்கட்டியே தீர்ந்துவிடும்.

இன்னொன்று. யாராவது மாட்டுக்குக் கிரிசியோபுல்வின் என்ற பங்கசுக் குளிசை சொன்னால் மறுத்துவிடுங்கள். பாலுக்கும் இறைச்சிக்கும் வளர்க்கும் மாடுகளுக்கு அதைப் பல நாடுகள் அனுமதிப்பதில்லை, சினைப் பசுவுக்கு வயிற்றுக் கன்றே பழுதாகலாம்.

மட்டக்குளிக்காரன்:

நன்றி தம்பி. ஒரு வீட்டில் பால் வாங்குவதை நிறுத்திவிட்டார்கள், பாலில் வருமோ என்று. இது தோலில் பட்டு வருவது, பாலை எப்படியும் காய்ச்சித்தானே குடிக்கிறோம் என்று என் கையைக் காட்டிச் சொன்னேன். கையைக் காட்டியிருக்கக் கூடாது.

தூண் விஷயம் நீங்கள் சொன்னதுதான். நேற்றுப் பின்னேரம் ஒரு மணித்தியாலம் இருந்து பார்த்தேன். மூன்று கன்றும் முறை வைத்து வருவது போல அந்த வாசல் மரத்தூணில் வந்து பின்பக்கத்தைத் தேய்க்கின்றன. தூண் அந்த உயரத்தில் பளபளவென்று இருக்கிறது. மரத்தின் வெடிப்புக்குள் எதை ஊற்றிக் கழுவுவது? பிடுங்கி எரித்துவிட்டு இரும்புக் குழாய் நட்டேன். கயிறு எல்லாம் புதிது, ஆளுக்கொரு பிரஷ். கிழக்குப் பக்கத் தகரம் இரண்டைக் கழற்றி வெயிலுக்கும் வழி விட்டிருக்கிறேன்.

இன்று காலை பார்த்தால் கன்று குழாயில் உரசிக்கொண்டு நிற்கிறது. வாளியை எடுத்துக்கொண்டு போகிறேன்.