குளோரின் அளவு உங்களை ஏமாற்றிய அனுபவம் இருக்கிறதா?

அலஸ்தோட்டம்வாசி

குளோரின் அளக்கிற டிபிடி குளிசை போட்டால் நீர் இளஞ்சிவப்பாகும், சிவப்பு கூடினால் குளோரினும் கூடியிருக்கிறது. இங்கே இருக்கிறவர்களுக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை. அத்தான் வீட்டு நீச்சல் தடாகத்தில் அது சிவக்கவே இல்லை.

தடாகம் துப்புரவாக்க வருகிறவர் கண்ணாடிக் குழாயைத் தூக்கிக் காட்டி, "பாருங்கோ, குளோரின் மருந்துக்கும் இல்லை" என்றார். முதல்நாள் பின்னேரமும் அதையே சொல்லித்தான் குளோரின் பவுடர் கரைத்து ஊற்றியிருக்கிறார். அன்றைக்கும் ஊற்றினார். அந்தக் கிழமை முழுவதும் தடாகத்திலேயே கிடந்த மருமகளின் கடும்நீல நீச்சல் உடுப்பு தோள் பக்கம் சாம்பல் நிறமாகியிருந்தது. பிள்ளைக்குக் கண் இரண்டும் மிளகாய்ப்பழம்.

எனக்குச் சந்தேகம் வந்து இன்னொரு குளிசையை நானே போட்டேன். நீரில் பட்டதும் ஒரு கணம் கடும் சிவப்பு. நான் அத்தானைக் கூப்பிடத் திரும்புவதற்குள் திரும்பவும் தெளிந்த நீர். அந்த ஒரு கணத்தைத்தான் மறக்க முடியவில்லை. குளோரின் அவ்வளவு கூடிப்போய், வந்த நிறத்தையே வெளுத்துவிட்டது. பிறகு தடாகத்து நீர் ஒரு பங்குக்குப் போத்தல் நீர் நான்கு பங்கு கலந்து அளந்தேன். 3 காட்டியது. ஐந்தால் பெருக்கினால் 15 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் 15 பங்கு). இருக்கவேண்டியது 1 முதல் 3 வரை.

வேறு யாருக்காவது இப்படி நடந்ததா?

உவர்மலைக் காற்று

15 இருந்தால் மணத்திலேயே தெரிந்திருக்குமே அண்ணை? நம்பக் கஷ்டமாக இருக்கிறது.

என்னுடையது நேர் எதிர்க் கதை. சித்திரை லீவுக்கு நிலாவெளியில் ஒரு விடுதி. பஸ் பஸ்ஸாகச் சனம், தடாகத்தில் கால் வைக்க இடமில்லை. பக்கத்தில் போனாலே குளோரின் மணம் மூக்கைப் பிடுங்கியது. முகாமையாளரிடம் போய் "தயவுசெய்து குளோரினைக் குறையுங்கோ" என்றேன். அவர் என் முன்னாலேயே அளந்து காட்டினார். அரை பிபிஎம் கூட இல்லை. "இரவைக்கு நிறையப் போடப் போறம் அக்கா, அப்பதான் மணம் போகும்" என்றார். ஆள் என்னைப் பேய்க்காட்டுகிறார் என்றுதான் நினைத்தேன். அடுத்தநாள் மத்தியானம் இறங்கினால் மணமே இல்லை! இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

கிண்ணியாப் பாலம்

அக்கா, அந்த முகாமையாளர் சொன்னது சரி. மூக்கைப் பிடுங்குவது குளோராமின். வியர்வை, சிறுநீர் எல்லாம் குளோரினோடு சேர்ந்து உண்டாவது. அதை உடைக்க இன்னும் குளோரின்தான் வேண்டும், அதுவும் சேர்ந்திருக்கும் அளவைப்போலப் பத்து மடங்கு. ஆகவே அலஸ்தோட்டத்து அண்ணன் வீட்டில் 15 இருந்தும் பெரிய மணம் இல்லாமல் இருந்திருக்கலாம். மூக்கை நம்பி ஆளைப் பொய்யன் ஆக்காதீர்கள்.

என் கதை சின்னது. உப்புவெளியில் நானா ஒருவருடைய கெஸ்ட் ஹவுஸில் எலக்ட்ரிக் வேலைக்குப் போயிருந்தேன். அங்கே வேலை செய்த பெடியன் பிஎச் (நீரின் அமில, கார அளவு) குறைக்க அசிட்டை வாளியில் ஊற்றினான். காலையில் பவுடர் கரைத்த அதே வாளி, அடியில் வண்டல் அப்படியே. பச்சையும் மஞ்சளுமாக ஒரு புகை எழும்பியது. பெடியன் வாளியை எறிந்துவிட்டுக் கடற்கரைப் பக்கம் ஓடினான். அவன் இருமிய சத்தம் அலைச் சத்தத்துக்கு மேலால் கேட்டது. காற்று கடலை நோக்கி வீசியதால் நாங்கள் தப்பினோம். பெடியனை ஆஸ்பத்திரியில் ஓர் இரவு வைத்திருந்து விட்டார்கள்.

பழைய பம்ப்

துப்புரவாக்க வந்தவரை எல்லோரும் திட்டுவதற்கு முன் ஒரு வார்த்தை. கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் திறந்த தடாகத்தில் காலையில் போட்ட குளோரின் மத்தியானத்துக்குள் பெரும்பாலும் வெயிலோடு போய்விடும். தினமும் பூச்சியத்தைப் பார்த்துப் பழகியவர் அன்றைக்கும் பூச்சியம் என்று நம்பியதில் என்ன அதிசயம்? ஆனால் குழாயை நிறம் மாறும் நேரத்தில் பார்க்காமல் பிறகு பார்த்தது அவருடைய பிழைதான்.

சரி, கேட்காவிட்டாலும் சொல்கிறேன். பவுடரைப் பொழுதுபட்ட பிறகு போடுங்கள். 65 வீத கல்சியம் ஹைப்போகுளோரைட் என்றால் 10,000 லீட்டருக்கு 15 கிராம் போட்டால் ஏறக்குறைய 1 பிபிஎம் கூடும். கையால் அள்ளிப் போடுகிற ஆட்களுக்கு இந்தக் கணக்கு ஒன்று போதும். வாளியில் முதலில் நீர், பிறகு பவுடர். மாற்றிச் செய்யக்கூடாது. பிஎச்சை 7.2 முதல் 7.6 வரை வைத்திருங்கள். 8க்குப் போனால் போட்ட குளோரினில் நாலில் ஒரு பங்குதான் கிருமியைக் கொல்லும், மிச்சம் சும்மா கிடக்கும். கிணற்றில் இரும்பு இருந்தால் குளோரின் போட்டவுடன் நீர் தேத்தண்ணி நிறமாகும். பயந்து இன்னும் போடாதீர்கள், பில்டரை ஓடவிடுங்கள்.

மிதவையில் வைக்கிற பெரிய குளிசை ட்ரைகுளோர். வெயிலைத் தாங்கும், ஏனென்றால் அதில் சயனூரிக் அமிலம் இருக்கிறது. அந்த அமிலம் போகாது, சேர்ந்துகொண்டே வரும். 30 முதல் 50 பிபிஎம் வரை நல்லது. 100ஐத் தாண்டினால் குளோரின் இருக்கும், சரியாக வேலை செய்யாது. நீரை மாற்றுவதுதான் வழி. ட்ரைகுளோர் அள்ளிய கரண்டியால் பவுடரை அள்ளவே கூடாது, ஈரம் பட்டால் தீப்பிடிக்கும். கிண்ணியாத் தம்பி கண்டது அதன் தம்பி முறை.

என் கதையா? சாம்பல்தீவில் ஒருவர் மாரியில் தடாகத்து நீரை முழுக்க இறக்கிவிட்டார். நிலத்தடி நீர் மேலே நிற்கிற மணல் தரை. விடிய வந்து பார்த்தால், அடி நீர் தள்ளி, வெறும் கொங்கிரீட் தடாகம் ஒரு பக்கம் கிளம்பி நின்றது.

பவளமல்லி

தடாகம் வைத்திருக்கிற ஆட்களின் கவலை வேறு, எங்களுக்குக் குளோரின் என்றால் 2004 சுனாமிதான். கிணறு முழுக்கக் கடல். இறைக்க இறைக்க உப்புக் கூடியதே தவிரக் குறையவில்லை. அடியில் இருந்த உப்பு நீர்தான் மேலே வந்தது என்று பிறகு சொன்னார்கள். அம்மம்மா பவுசர் வண்டியில் வந்த குளோரின் நீரில் ஊற்றிய தேத்தண்ணியை மணந்து பார்த்துவிட்டு வாசலில் ஊற்றினார். கண்முன்னே வீடு போனதுக்கு அழாதவர், அதுக்கு அழுதார்.

உவர்மலைக் காற்று

பவளமல்லி, அதைத் தனியாக எழுதுங்கோ. இதற்குள் போட்டால் காணாமல் போய்விடும்.

கிண்ணியாத் தம்பிக்கு நன்றி, இப்போது விளங்குகிறது. ஆனால் நான் யாரையும் பொய்யன் என்று சொல்லவில்லை.

அலஸ்தோட்டம்வாசி

பழைய பம்ப் ஐயா, அத்தான் வருடக்கணக்காக ட்ரைகுளோர் மிதவையும் வைத்திருக்கிறார். நேற்று அளந்தால் சயனூரிக் 100க்கு மேல். இவர் வீடும் கடற்கரை மணல்தான். பாதி நீரை இறக்கலாமா?

பழைய பம்ப்

பாதி வேண்டாம் தம்பி. ஒரு தடவைக்கு மூன்றில் ஒன்று, நிரப்பிவிட்டு அடுத்த மூன்றில் ஒன்று. பக்கத்துக் கிணற்றில் நீர் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று முதலில் எட்டிப் பாருங்கள். ஐப்பசி மழை பிடிக்கும் முன் முடித்துவிட வேண்டும்.