காப்புரிமையை 20 வருடத்துக்கு மேல் நீட்டிக்க முடியுமா? (தேங்காய் உரிக்கும் மெஷின்)

பொள்ளாச்சி பட்டறை – 24.10.2025
வணக்கம். தேங்காய் உரிக்கும் மெஷினுக்கு என் பெயரில் இந்தியக் காப்புரிமை இருக்கிறது. 11.06.2007-இல் விண்ணப்பித்தேன், கைக்கு வந்தது 2014-இல். 2027 ஜூனில் முடிகிறது. ஆபீசிலேயே ஏழு வருடம் போய்விட்டது, அதையாவது கூட்டித் தர மாட்டார்களா? அமெரிக்காவில் 5 வருடம் தருகிறார்களாமே? ஒரு ஏஜென்ட் 60,000 ரூபாய் கேட்கிறார், டிசம்பருக்குள் ‘எக்ஸ்டென்ஷன்’ போட்டாக வேண்டும் என்கிறார். கொடுக்கலாமா?

சென்னை ஏஜென்ட்
அண்ணா, பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். இந்தியாவில் காப்புரிமைக் காலத்தை நீட்டிக்க வழியே இல்லை. காப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 53-இன்படி விண்ணப்பித்த நாளிலிருந்து 20 வருடம். ஆபீஸ் தாமதத்துக்கு ஈடு கிடையாது. எனக்கும் இது வருத்தம்தான், ஆனால் சட்டம் அப்படி.

அமெரிக்காவில் 1984-இல் வந்த அந்த ஏற்பாடு மருந்து, மருத்துவக் கருவி போல அரசு அனுமதிக்காகக் காத்திருந்து விற்கும் பொருள்களுக்கு. அனுமதி கிடைத்த 60 நாளுக்குள் கேட்க வேண்டும், அதற்குள் காப்புரிமை முடிந்திருக்கக் கூடாது. ஒரு அனுமதிக்கு ஒரு காப்புரிமைதான், அதுவும் ஒரே முறை. உச்சம் 5 வருடம். நீட்டித்த பிறகும் அனுமதி நாளிலிருந்து 14 வருடத்தைத் தாண்டாது. உரிக்கும் மெஷினுக்கு அங்கேயும் இது பொருந்தாது.

ஆனால் ‘டிசம்பர்’ என்று அவர் சொன்னதுதான் இடிக்கிறது. புதுப்பிப்புக் கட்டணம் கடைசியாக எப்போது கட்டினீர்கள்?

பொள்ளாச்சி பட்டறை
ஃபைலை எடுத்துப் பார்த்தேன். கடைசி ரசீது 2024 மே, ‘18-ஆம் ஆண்டு’ என்று இருக்கிறது. இந்த ஜூனில் அம்மாவோடு ஆஸ்பத்திரியில் இருந்தேன், கட்டவில்லை.

சென்னை ஏஜென்ட்
அதேதான். 19-ஆம் ஆண்டுக் கட்டணத்தை 11.06.2025-க்குள் கட்டியிருக்க வேண்டும். தவறினால் படிவம் 4 போட்டு 6 மாதம் வரை அவகாசம் வாங்கலாம். அவர் சொன்ன எக்ஸ்டென்ஷன் இதுதான். கட்டணம் கட்டத்தான் அவகாசம், காப்புரிமைக் காலம் ஒரு நாள்கூட அதிகமாகாது.

தனிநபருக்குக் கட்டணம் 8,000, தாமதத்துக்கு மாதம் 480. நவம்பர் 11-க்குள் கட்டினால் ஐந்து மாதக் கணக்கு, மொத்தம் 10,400. டிசம்பர் 11-ஐ விட்டால் படிவம் 15 போட்டு, வேண்டுமென்றே விடவில்லை என்று நிரூபித்து மீட்க வேண்டும். அந்த இடைவெளியில் வேறொருவர் உங்கள் மெஷினைச் செய்யத் தொடங்கியிருந்தால் அவருக்குப் பாதுகாப்பு கொடுத்துவிடுவார்கள். 20-ஆம் ஆண்டுக்கு 2026 ஜூன் 11-ஐ இப்போதே காலண்டரில் குறித்து வையுங்கள்.

ஈரோடு ஃபேப்ரிகேஷன்
அண்ணா, மெஷினில் அப்புறம் ஏதாவது மாற்றினீர்களா? புது மாற்றத்துக்குத் தனிக் காப்புரிமை கேட்கலாமே.

பொள்ளாச்சி பட்டறை
இரண்டு மாற்றம். உருளையில் பல்லின் சாய்வை மாற்றி மூன்று வருடமாக விற்கிறேன். இளங்காயும் முற்றிய காயும் ஒன்றாகப் போட்டாலும் ஓடு உடையாதபடி ஒரு ஸ்பிரிங் தட்டு செய்திருக்கிறேன், இன்னும் யாருக்கும் காட்டவில்லை. வரும் வாரம் கண்காட்சிக்குக் கொண்டுபோகிறேன்.

சென்னை ஏஜென்ட்
பல் சாய்வு கைவிட்டுப் போனது, விற்ற பொருள் புதிது ஆகாது. ஸ்பிரிங் தட்டைத் தயவுசெய்து இப்போது காட்டாதீர்கள். முதலில் தற்காலிக விண்ணப்பம் போடுங்கள், 12 மாதத்துக்குள் முழு விவரம் கொடுக்கலாம். பழைய காப்புரிமையின் கூடுதல் காப்புரிமையாகக் கேட்காதீர்கள், அது 2027-லேயே பழையதோடு முடிந்துவிடும். தனியாகக் கேட்டால், பழைய மெஷினிலிருந்து எளிதில் ஊகிக்க முடியாதது என்று காட்ட வேண்டும், கிடைத்தால் புதிதாக 20 வருடம்.

பொள்ளாச்சி பட்டறை – 28.10.2025
10,400 கட்டிவிட்டேன், ரசீது வந்துவிட்டது. ஸ்பிரிங் தட்டைக் கழற்றிப் பட்டறையிலேயே வைத்துவிட்டு, பழைய மாடலை வண்டியில் ஏற்றியிருக்கிறோம். படம் வரைந்துகொண்டிருக்கிறேன், ரொம்ப நன்றி தம்பி.