புதுப்பிப்பு: ‘படம் கீற மனம் பொங்குது’ என்பதற்கு ஸ்பானிஷ் சொல்

போன கிழமை இங்கே கேட்டிருந்தேன்: விடியக்காலையில் மட்டக்களப்புக் கல்லடிப் பாலத்தில் நின்று வாவியைப் பார்த்தால் படம் கீற மனம் பொங்கும், அதை ஸ்பெயினின் செவில்லா நகரத் தோழிக்கு ஸ்பானிஷில் எப்படி எழுதுவது என்று. பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

பொருந்தியது ‘எஸ்தோய் இன்ஸ்பிராதா’ (எனக்குள் உந்துதல் பிறந்திருக்கிறது). அதைச் சொன்ன அக்காவுக்கே முழுப் புள்ளி. நான் முதலில் எழுதியது ‘சோய் கிரெயாத்திவா’. இலக்கணப் பிழை இல்லை, ஆனால் ‘நான் கற்பனை வளம் உள்ளவள்’ என்று பெருமை அடித்தது போலாகிவிடும். ‘சோய்’ ஒருவரின் இயல்பைச் சொல்லும், ‘எஸ்தோய்’ இந்த நேரத்து நிலையைச் சொல்லும். ஆண் எழுதினால் ‘இன்ஸ்பிராதோ’. மறுநாளே தோழி எழுதினாள்: என்ன கீறினாய், அனுப்பு.

எதிர்பாராத ஒன்று. ஆங்கில ‘எக்சைட்டட்’ தானே என்று ‘எக்ஸித்தாதா’ என்றும் ஒரு வரி சேர்த்திருந்தேன். அனுப்பமுதல் பார்த்தது நல்லதாய்ப் போயிற்று. ஸ்பானிஷில் அது பெரும்பாலும் காமக் கிளர்ச்சி! ‘எமோசியோனாதா’ (மனம் பொங்கி நிற்கிறேன்) என்று மாற்றினேன்.

‘துவெந்தே’ (கலைஞரை ஆட்கொண்டு பார்ப்பவரையும் உலுக்கும் ஆவேசம்) சொன்ன அண்ணா, அது என் வாவிப் படத்துக்குக் கொஞ்சம் பெரிய சொல். ஸ்பானியக் கவிஞர் லோர்கா 1933இல் புவெனஸ் அயர்ஸில் அதைப் பற்றியே ஒரு முழு உரை நிகழ்த்தியவர். ஆனால் எங்கள் ஊர் நாட்டுக்கூத்தான வடமோடியில் நடுச்சாமம் தாண்டி மத்தளம் சூடேற, ஆட்டக்காரர் தன்னை மறந்து சுழலும் இடம் இருக்கிறதே, அதற்கு ‘தியெனே துவெந்தே’ (அவரிடம் துவெந்தே இருக்கிறது) என்றே எழுதலாம். அடுத்த கடிதம் அதைப் பற்றித்தான்.