மியூனிக்கில் 12 வார இன்டர்ன்ஷிப், கூடவே ஊர் சுற்றல்: 90 நாள் கணக்கு இடிக்கிறது

மெக்கானிக்கல்_பையன் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். மியூனிக்கில் ஒரு நிறுவனத்தில் சம்பளத்தோடு இன்டர்ன்ஷிப் கிடைத்திருக்கிறது. ஒப்பந்தத்தில் 2026 மே 11 திங்கள் முதல் ஜூலை 31 வெள்ளி வரை என்று போட்டிருக்கிறார்கள். ஐந்து செமஸ்டர் முடித்துவிட்டேன். மே 6 போய் இறங்கி, வேலை முடிந்ததும் பத்து நாள் சுற்றிவிட்டு ஆகஸ்ட் 10 திரும்பலாம் என்று யோசனை.

ஷெங்கன் விசா (பல ஐரோப்பிய நாடுகளுக்கும் சேர்த்த குறுகிய கால விசா) போதுமா, வேறு விசா வேண்டுமா? மூன்று மாதத்துக்கு அறை எடுத்தால் நகராட்சியில் பதிவு செய்தே ஆக வேண்டுமா? சனி ஞாயிறுகளில் நோய்ஷ்வான்ஸ்டைன் கோட்டை, சால்ஸ்பர்க் மாதிரி இடங்களுக்குக் குறைந்த செலவில் போய்வர எந்த டிக்கெட் சரி? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

நாள்காட்டி எழுதியது:

தம்பி, விமான டிக்கெட் இன்னும் எடுக்கவில்லை என்றால் எடுக்காதீங்க. முதலில் நாளை எண்ணுவோம்.

ஷெங்கன் கணக்கில் இறங்கும் நாளும் கிளம்பும் நாளும் இரண்டுமே முழு நாள். மே 6 முதல் 31 வரை 26, ஜூன் 30, ஜூலை 31, ஆகஸ்டில் 10. மொத்தம் 97. சி விசாவில், அதாவது இந்த ஷெங்கன் விசாவில், உச்ச வரம்பு எந்த 180 நாளிலும் 90 நாள்தான். ஏழு நாள் அதிகம். "ஒரு வாரம்தானே" என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. 2025 அக்டோபர் 12-இல் எல்லைகளில் கைரேகை, முகப் பதிவு முறை தொடங்கிவிட்டது. 2026 ஏப்ரல் 10 முதல் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவதற்குப் பதில் எல்லா வாசலிலும் அதுதான். நாளை எண்ணுவது கணினி, அதிகாரி இல்லை.

அப்படியானால் நீண்ட காலம் தங்குவதற்கான டி விசா போடலாமே என்று தோன்றும். அது ஊர் சுற்றுவதற்குக் கொடுக்கிற விசா இல்லை. உங்கள் ஒப்பந்தக் காலமே 82 நாள்தான், 90-க்குள் அடங்கிவிடுகிறது. ஆகவே வழி இரண்டு. ஒன்று, பயணத்தைச் சுருக்குவது: மே 9 சனிக்கிழமை இறங்கினால் ஆகஸ்ட் 6 உங்களுக்கு 90-ஆவது நாள், அன்றைக்கே எல்லையைத் தாண்டியாக வேண்டும். விமானம் ரத்தானால் என்ன செய்வது? அதற்காக இரண்டு நாள் கையிருப்பு வைத்து ஆகஸ்ட் 4-க்கு டிக்கெட் எடுங்க. இரண்டாவது, ஒப்பந்தத்தையே இரண்டு மூன்று வாரம் நீட்டித் தரச் சொல்லி நிறுவனத்தைக் கேட்பது. பயிற்சி 90 நாளைத் தாண்டினால் டி விசாதான். கட்டணம் 75 யூரோ (சி விசாவுக்கு 90), ஆனால் முடிவு வரப் பல வாரம் ஆகலாம்.

எந்த விசாவானாலும் பலர் கோட்டைவிடுகிற காகிதம் ஒன்று உண்டு. வெளிநாட்டுக் கல்லூரி மாணவர் ஜெர்மனியில் படிப்பு சார்ந்த பயிற்சி எடுக்க அங்குள்ள மத்திய வேலைவாய்ப்பு முகமையின் இசைவு வேண்டும். நான்கு செமஸ்டர் முடித்திருக்க வேண்டும் என்பது அதில் நிபந்தனை, உங்களுக்குச் சிக்கல் இல்லை. இசைவுக்கு விண்ணப்பிக்க வேண்டியது நிறுவனம், நீங்கள் இல்லை. அவர்களுடைய மனிதவளப் பிரிவுக்கு இது புதிதென்றால் "ஐரோப்பிய மாணவருக்குத் தேவைப்படவில்லையே" என்று பதில் வரும். இன்றைக்கே மின்னஞ்சல் போடுங்க. அந்தக் காகிதம் இல்லாமல் விசா நேர்காணலுக்குப் போவது வீண் அலைச்சல்.

சி விசாவுக்குப் பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். சாதாரணமாக 15 நாளில் முடிவு, கூடுதல் ஆவணம் கேட்டால் 45 நாள் வரை இழுக்கும். காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு, ஷெங்கன் நாடுகள் முழுக்கச் செல்லுபடியாக இருக்க வேண்டும்.

விசா கைக்கு வந்ததும் ஸ்டிக்கரில் மூன்று இடத்தைப் பாருங்க. செல்லுபடித் தேதிகள் ஓரிடம். தங்கலாம் என்கிற நாள் எண்ணிக்கை இன்னோரிடம். நுழைவு எத்தனை என்பது மூன்றாவது. தேதி இடைவெளி பெரும்பாலும் நாள் எண்ணிக்கையைவிட 15 நாள் நீளமாக இருக்கும். பயணம் முன்பின் தள்ளிப்போனால் சமாளிக்கத்தான் அது. தேதியை மட்டும் பார்த்துவிட்டு அதுவரை தங்கலாம் என்று நினைப்பவர்கள்தான் மாட்டுகிறார்கள்.

---

இசார்_கரை எழுதியது:

நாள்காட்டி அண்ணா விசாவை முடித்துவிட்டார், அறைக்கு வருகிறேன்.

மியூனிக்கில் மே முதல் ஜூலை வரை அறை கிடைப்பது கஷ்டம். கோடை செமஸ்டர் வகுப்புகள் ஜூலை வரை நடக்கும், மாணவர்கள் ஊரில்தான் இருப்பார்கள். அறைகள் காலியாவதே ஆகஸ்டில், நீங்கள் கிளம்பும் நேரத்தில். ஆகவே பிப்ரவரியிலேயே தேடத் தொடங்குங்கள். தேட வேண்டிய சொல் "ட்ஸ்விஷன்மீட்ட". குடியிருப்பவர் வெளியூர் போகும் இடைக்காலத்துக்கு மட்டும் அறையைக் கொடுப்பது. தட்டுமுட்டுச் சாமான், பாத்திரம் எல்லாம் அங்கேயே இருக்கும்.

விளம்பரத்தில் "நான் வெளிநாட்டில் இருக்கிறேன், முன்பணம் அனுப்புங்கள், சாவியைத் தபாலில் அனுப்புகிறேன்" என்று இருந்தால் அது மோசடி, யோசிக்கவே வேண்டாம். வீடியோ அழைப்பில் அறையை மட்டும் காட்டச் சொல்லாதீர்கள். வாசல் மணிப் பலகையில் உள்ள பெயர், தெரு, பிறகு அறை என்று நடந்தே காட்டச் சொல்லுங்கள். போலி ஆசாமிக்கு அது முடியாது. முன்வைப்புத் தொகை சட்டப்படி மூன்று மாத அடிப்படை வாடகைக்கு மேல் போகக் கூடாது.

பதிவு விஷயம். வீட்டில் குடியேறிய இரண்டு வாரத்துக்குள் பதிவு என்பது பொது விதி. ஆனால் வழக்கமாக வெளிநாட்டில் வசிப்பவர் மூன்று மாதத்துக்கு மேற்படாமல் தங்கினால் பதிவுக் கட்டாயம் இல்லை. அதாவது ஷெங்கன் விசாவில் 90 நாளுக்குள் முடித்தால் விலக்கு உண்டு. டி விசா வாங்கி அதற்கு மேல் தங்கினால் கட்டாயம். அப்போது வீட்டுக்காரர் கையெழுத்திட்ட குடியேற்ற உறுதிச் சீட்டு வேண்டும். வாடகை ஒப்பந்தத்தைக் காட்டினால் ஏற்க மாட்டார்கள். உள்வாடகைக்கு விடுபவர் சிலர் இந்தச் சீட்டுத் தரத் தயங்குவார்கள், அதனால் பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

பதிவு செய்தால் இரண்டு கடிதம் வரும். ஒன்று 11 இலக்க வரி எண். அது சம்பளப் பிரிவுக்குப் போகாவிட்டால் வரி அதிகமாகப் பிடிக்கும் ஆறாம் வரி வகுப்பில் போட்டுவிடுவார்கள், முதல் சம்பளத்தைப் பார்த்தால் நெஞ்சடைக்கும். மற்றது ஒளிபரப்புக் கட்டணம், மாதம் 18.36 யூரோ. ஆள் கணக்கில் இல்லை, வீட்டுக்கு ஒன்று. அறைத்தோழர் ஏற்கெனவே கட்டினால் அவருடைய எண்ணைப் போட்டுப் பதில் அனுப்பினால் போதும். கடிதத்தைக் கண்டுகொள்ளாமல் விட்டால் பாக்கி சேர்ந்துகொண்டே போகும். ஜெர்மனியை விட்டுக் கிளம்பும்போது பதிவை நீக்கவும் வேண்டும், கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பிருந்து செய்யலாம்.

இன்னொன்று. மியூனிக் இருக்கும் பவேரியா மாநிலத்தில் கடைகள் இரவு எட்டுக்கு மூடும், ஞாயிறு கிடையாது. சனிக்கிழமை இறங்கினால் அன்றே அரிசி பருப்பு வாங்கிவிடுங்கள். தவறினால் ரயில் நிலையக் கடைதான், விலை கூடுதல்.

---

மெக்கானிக்கல்_பையன் எழுதியது:

ரொம்ப நன்றி. நிறுவனத்துக்கு மின்னஞ்சல் போட்டுவிட்டேன். மே 9 – ஆகஸ்ட் 4 என்று வைத்துக்கொள்கிறேன். கடைசியில் சுற்ற நாள் இல்லை என்பதால் எல்லாமே வார இறுதியில்தான். அது போதுமா?

---

நடைமேடை_35 எழுதியது:

தாராளம். கடைசிப் பத்து நாளை இழந்ததற்குப் பதில் காலண்டரிலேயே இருக்கிறது. 2026-இல் மே 14 வியாழன், மே 25 திங்கள், ஜூன் 4 வியாழன் மூன்றும் பவேரியாவில் அரசு விடுமுறை. மே 15, ஜூன் 5 இரண்டு வெள்ளிக்கும் விடுப்பு எடுத்தால் நான்கு நாள் தொடர்ச்சி இரண்டு முறை. மே 23 முதல் 25 வரை சும்மாவே மூன்று நாள். ஒப்பந்தத்தில் விடுப்பு எத்தனை நாள் என்று பாருங்கள். பாடத்திட்டத்தில் கட்டாயம் என்று உள்ள பயிற்சிக்குச் சட்டப்படி விடுப்பு உரிமை கிடையாது, நிறுவனம் பார்த்துக் கொடுத்தால்தான்.

டிக்கெட் என்றால் டாய்ச்லாண்ட்டிக்கெட். மாதம் 63 யூரோ. மியூனிக் நகரப் போக்குவரத்து முழுவதும், நாடு முழுக்க உள்ள பிராந்திய ரயில்களும் இதில் அடங்கும். ஐ.சி.இ., ஐ.சி., இ.சி., ரயில்ஜெட், ஃபிளிக்ஸ்டிரெயின் ஆகிய தொலைதூர ரயில்கள் எதிலும் ஏறக் கூடாது. ஏறிப் பிடிபட்டால் டிக்கெட் இல்லாமல் வந்தவர் கணக்குதான், குறைந்தது 60 யூரோ. இது சந்தா. மாதம் 10-ஆம் தேதிக்குள் ரத்து செய்தால் அந்த மாதக் கடைசியோடு நிற்கும். உங்களுக்கு ஜூலை 10 கடைசி நாள். மறந்தால் ஆகஸ்டில் நாலே நாளுக்கு இன்னொரு 63 போகும். டிக்கெட் உங்கள் பெயரில் மட்டும் செல்லும், பாஸ்போர்ட் கையில் இருக்க வேண்டும்.

கோட்டைக்கு: மியூனிக்கிலிருந்து ஃபுஸ்ஸன் இரண்டு மணி நேரம், சில ரயிலுக்கு புக்லோவேயில் மாற வேண்டும். அங்கிருந்து 73 அல்லது 78 எண் பேருந்தில் கோட்டை அடிவாரத்திலுள்ள ஹோஹென்ஷ்வாங்காவ். இதுவரை எல்லாம் அதே டிக்கெட். கோட்டை நுழைவுச் சீட்டில் மணி, நிமிடம் அச்சிட்டிருக்கும், வழிகாட்டியோடுதான் உள்ளே விடுவார்கள். அடிவாரத்திலிருந்து மேலே ஏற 40 நிமிடம். நேரம் தவறினால் சீட்டு செல்லாது. காலை ரயில் சேரும் நேரத்திலிருந்து இரண்டு மணி நேரம் தள்ளி முன்பதிவு செய்யுங்கள். பவேரிய மன்னர் இரண்டாம் லூட்விக் 1869-இல் கட்டத் தொடங்கி முடிக்காமலே 1886-இல் இறந்துபோனார். அதனால் உள்ளே காட்டுவது சில அறைகள்தான், அரை மணியில் முடிந்துவிடும். படம் எடுக்கவும் விட மாட்டார்கள். நீங்கள் பார்த்த அந்தப் பிரபலமான கோணம் மரியன்புருக்க பாலத்திலிருந்து கிடைப்பது, அதற்குக் காசு இல்லை. சீட்டுக் கிடைக்காவிட்டாலும் போகலாம் என்பேன்.

சால்ஸ்பர்க் ஆஸ்திரியாவில் இருந்தாலும் அதன் முதன்மை ரயில் நிலையம் வரை இதே டிக்கெட் செல்லும், பிராந்திய ரயிலில் மட்டும். ரயில்ஜெட்டும் மியூனிக்கிலிருந்து அங்கேதான் போகிறது, வேகமாக இருக்கிறதே என்று ஏறிவிடாதீர்கள். சால்ஸ்பர்க் நகரப் பேருந்துக்குத் தனிச் சீட்டு. திரும்பும்போது எல்லையிலுள்ள ஃப்ரைலாஸிங்கில் போலீஸ் ஏறிப் பாஸ்போர்ட் கேட்கும், போனில் அதன் படத்தைக் காட்டினால் போதாது.

இனி, புதிதாக வருபவர் அதிகம் ஏமாறும் இடம்: பாதியில் பிரியும் ரயில். மியூனிக்கிலிருந்து டெகெர்ன்ஸே ஏரிக்குப் போகும் ரயிலில் மூன்று ஊருக்கான பெட்டிகள் ஒன்றாகக் கோத்திருக்கும். ஹோல்ஸ்கிர்ஷனில் பைரிஷ்செல் பகுதி பிரியும், ஷாஃப்ட்லாக்கில் லெங்கிரீஸ், டெகெர்ன்ஸே என்று இன்னொரு முறை பிரியும். ரயில் சரி, நேரம் சரி, பெட்டி மட்டும் தப்பு என்றால் வேறு பள்ளத்தாக்கில் போய் நிற்பீர்கள். நடைமேடைப் பலகையில் ஊருக்கு எதிரே ஏ, பி, சி என்று பிரிவு எழுத்து இருக்கும். அந்த எழுத்துக்குக் கீழே நின்று ஏறி, பெட்டிக்குள் திரையில் கடைசி ஊர் எது என்று மறுபடி பாருங்கள். தவறான பெட்டி என்றால் ஹோல்ஸ்கிர்ஷனில் இறங்கி நடைமேடையிலேயே நடந்து மாறலாம், உள்ளே வழி இருக்காது.

மியூனிக் முதன்மை நிலையத்தில் 5 முதல் 10 வரையும் 27 முதல் 36 வரையும் உள்ள நடைமேடைகள் மையக் கூடத்திலிருந்து தள்ளி இருக்கின்றன. மாற ஐந்து நிமிடம்தான் இருக்கிறது என்று செயலி சொன்னால் ஓடத் தயாராக இருங்கள்.

---

நாள்காட்டி எழுதியது:

ஒரு சேர்க்கை. சுவிட்சர்லாந்து எல்லையிலுள்ள கான்ஸ்டன்ஸ் ஏரிப் பக்கம் போனால் போனில் ரோமிங்கை அணைத்துவிடுங்க. சுவிட்சர்லாந்து ஷெங்கனுக்குள் இருக்கிறது, ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்தின் ரோமிங் விதிக்குள் இல்லை. கரையில் நிற்கும்போதே அந்தப் பக்கத்துச் சிக்னல் பிடித்துக் காசு ஓடும். விசாவுக்கு அங்கே சிக்கல் இல்லை, அங்கே கழித்த நாளும் அதே 90-க்குள்தான்.