அண்ணியிடம் எப்படிப் பேச்சை எடுப்பது?

வணக்கம். அண்ணன் குழந்தைக்குத் தட்டம்மைத் தடுப்பூசி போட வேண்டும். ஊசியால் ஆட்டிசம் வரும் என்று யாரோ அனுப்பிய குரல் பதிவைக் கேட்டதிலிருந்து அண்ணி பிடிவாதமாக மறுக்கிறார். இந்தப் புரளிக்கு மூலமான, பிரிட்டிஷ் மருத்துவர் வேக்ஃபீல்டின் 1998 கட்டுரை வெறும் 12 குழந்தைகளைப் பற்றியது. அதை வெளியிட்ட 'லான்செட்' மருத்துவ இதழே 2010-இல் அதைத் திரும்பப் பெற்றது. டென்மார்க்கில் ஆறரை லட்சம் குழந்தைகளை ஆராய்ந்தும் எந்தத் தொடர்பும் தென்படவில்லை. சொன்னால், "மருந்து கம்பெனி காசு கொடுத்தால் எதையும் எழுதுவார்கள்" என்று ஒரே போடாகப் போடுகிறார். (வேக்ஃபீல்டே, தடுப்பூசி நிறுவனங்கள் மீது வழக்குப் போட முனைந்த வழக்கறிஞர் தரப்பில் பணம் வாங்கியவர்தான்!)

பாவம், பயம்தான் அவரை இப்படிப் பேசவைக்கிறது. வீட்டில் இப்படி ஒருவரைச் சண்டையில்லாமல் சம்மதிக்க வைத்தவர்கள், முதலில் என்ன பேசினீர்கள் என்று சொல்லுங்களேன். குழந்தை மருத்துவர் எளிய தமிழில் விளக்கும் சிறு காணொளி இருந்தாலும் அனுப்புங்கள். நீளமான கட்டுரை வேண்டாம், படிக்க மாட்டார்.