68 வயது அம்மாவுக்கு பிலாட்டீஸ் சரிவருமா?

மதுரைக்காரி:
அம்மா தினமும் நடக்கப் போகிறார், ஆனாலும் பஸ் படி ஏறும்போதும் தரையில் உட்கார்ந்து எழும்போதும் எதையாவது பிடித்தால்தான் முடிகிறது. பக்கத்துத் தெருவில் பிலாட்டீஸ் (பெரும்பாலும் பாய் விரித்து, மூச்சோடு சேர்த்து மெதுவாகச் செய்யும் உடற்பயிற்சி) வகுப்பு தொடங்கியிருக்கிறார்கள். சேர்க்கலாமா, இல்லை எடை தூக்கும் பயிற்சிதான் நல்லதா?

பிசியோ அக்கா:
நடை மட்டும் போதாதும்மா. 65 வயதைத் தாண்டியவர்கள் சமநிலையும் தசை வலுவும் சேர்ந்த பயிற்சியை வாரத்தில் 3 நாளாவது செய்யணும் என்று உலக சுகாதார நிறுவனமே 2020இல் சொல்லியிருக்கிறது. பிலாட்டீஸ் வயிறு, இடுப்பு, முதுகுத் தசைகளுக்கு நல்லது, ஆனால் படி ஏறத் தொடைக்கும் பிட்டத்துக்கும் பாரம் வேண்டும். சுவரோரம் நாற்காலி போட்டு, பாதத்தைக் கொஞ்சம் உள்ளே இழுத்து, உடம்பை முன்னால் சாய்த்துக் கை ஊன்றாமல் எழச் சொல்லுங்கள்; உட்காரும்போது தொப்பென்று விழாமல் மெதுவாக இறங்கணும், பலம் வருவதே அதில்தான். அப்புறம் சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்கலாம். சுலபமானதும் கையில் தண்ணீர் பாட்டில் கொடுங்கள்.

சேலம்வாசி:
சேர்ப்பதற்கு முன் எலும்பு அடர்த்தி பார்த்துவிடுங்கள். எலும்பு மெலிந்திருந்தால், படுத்த நிலையிலிருந்து முதுகைச் சுருட்டி எழும் பிலாட்டீஸ் பயிற்சிகள் வேண்டவே வேண்டாம், முதுகெலும்பு நொறுங்கலாம்.

கடலோரம்:
வயசாச்சே என்று தயங்க வேண்டாம். முதியவர்கள் விழாமல் இருக்க வலுவும் சமநிலையும் வளர்க்கும் நியூசிலாந்தின் ஒட்டாகோ பயிற்சியை முதலில் சோதித்ததே 80 வயதைத் தாண்டிய பெண்களிடம்தான், வீட்டிலேயே செய்தார்கள், விழுவது குறைந்தது.

மதுரைக்காரி:
சரி, நாற்காலியில் தொடங்குகிறோம். மூட்டு வலி இருந்தால்?

பிசியோ அக்கா:
நாற்காலி மேலே தலையணை போட்டு உயரத்தைக் கூட்டுங்கள்.